பேழையை யார் கட்டுவது? இடைக்கால நாடகம் வழியே ஒரு வரலாற்றுப் பாடம்

ஒன்பதாம் வகுப்பில் ‘இடைக்காலம்’ பாடம் நடத்தும்போது நிலமானிய முறையும் திருச்சபையும் எங்கள் முட்டத்துப் பிள்ளைகளுக்கு எங்கோ நடந்த கதையாகவே இருந்தன. பாதிப் பேர் சன்னல் வழியே கடலைப் பார்த்துக்கொண்டிருப்பார்கள். சென்ற ஆண்டு பாடத்தை நாடகத்திலிருந்து தொடங்கினேன்.

உரோமானியரின் நாடகங்களைத் திருச்சபை வெறுத்தது. ஆனால் ஐரோப்பாவில் நாடகம் மீண்டும் முளைத்தது ஆலயத்துக்குள்தான். 10-ஆம் நூற்றாண்டில் உயிர்ப்புப் பெருவிழா வழிபாட்டில் ஒரு சிறு உரையாடல் சேர்ந்தது. கல்லறைக்கு வந்த பெண்களிடம் யாரைத் தேடுகிறீர்கள் என்று வானதூதர் கேட்பார். அவர்கள் பதில் பாடுவார்கள். அவ்வளவுதான் நாடகம். 970-ஐ ஒட்டி, இங்கிலாந்தின் வின்செஸ்டர் ஆயர் எத்தல்வோல்டு இதை நடிக்கும் முறையையே துறவிகளுக்கு எழுதிவைத்தார். ஒருவர் வெண்ணுடையில், கையில் ஓலையுடன் கல்லறையருகே அமர வேண்டும்; மூவர் தூபக்கலசத்துடன் எதையோ தேடுபவர்போல் மெல்ல நடந்துவர வேண்டும். குருத்தோலை ஞாயிறு தெரிந்த பிள்ளைகளுக்கு இந்தக் காட்சியை நான் விளக்க வேண்டியிருக்கவில்லை.

அது இலத்தீன் மொழியில் இருந்தது. பிற்காலத்தில் நாடகம் மக்கள் மொழிக்கும் தெருவுக்கும் வந்தது. 1264-இல் திருத்தந்தை நான்காம் அர்பன் ஏற்படுத்திய நற்கருணைப் பெருவிழாவை ஒட்டி, யார்க் நகரில் ஏறத்தாழ 50 நாடகங்கள் ஒரே நாளில் நடந்தன. நம் தேர்போலச் சக்கரவண்டிகள் தெருத்தெருவாக நகரும். ஒவ்வொரு நிறுத்தத்திலும் ஒரு காட்சி. செலவும் நடிப்பும் தொழிற்சங்கங்களுடையவை.

இந்த இடத்தில் நிறுத்தி, “நோவாவின் பேழை கட்டும் காட்சியை யாருக்குக் கொடுத்திருப்பார்கள்?” என்று கேட்டேன். பின்வரிசையிலிருந்து பதில் வந்தது: “வள்ளம் கட்டுறவங்களுக்கு, டீச்சர்.” சரிதான், கப்பல் கட்டுவோருக்கு! அடுத்து வரும் வெள்ளக் காட்சி மீனவருக்கும் கடலோடிகளுக்கும். இறுதி இராவுணவு ரொட்டி சுடுவோருக்கு. அதன்பின் யாரும் கடலைப் பார்க்கவில்லை.

இம்மரபின் கிளை நம் பக்கமும் உண்டு. போர்ச்சுக்கீசியர் வந்தபின் கேரளக் கடற்கரையில் சவிட்டு நாடகம் வளர்ந்தது. பலகை மேடையை மிதித்து ஆடும் அதில் சார்லமேன் மன்னர் கதை நடிக்கப்படுகிறது. அதன் ஆசானுக்குப் பெயர் நம் தமிழ்ச் சொல்தான்: அண்ணாவி. மன்னாரின் ‘என்றிக் எம்பரதோர் நாடகம்’ என்ற தலைப்பை எழுதிப்போட்டு, ‘எம்பரதோர்’ என்றால் என்ன என்று கேளுங்கள். பேரரசர் என்பதற்கான போர்ச்சுக்கீசியச் சொல் அது. ஒரு தலைப்பே காலனிய வரலாற்றுப் பாடமாகிவிடும்.

யார்க் நாடகம் கடைசியாக நடந்தது 1569-இல். சமயச் சீர்திருத்தத்தின் விளைவு என்று இதைப் பாடத்தோடு இணைக்கலாம்.

இறுதியாக வெள்ளக் காட்சியைப் பிள்ளைகளே சொந்த வசனத்தில் நடித்தார்கள். யார்க் நாடகத்தில் நோவாவின் மனைவி பேழையில் ஏற மறுப்பாள். தோழியரும் உறவினரும் உடன் வரவில்லையே என்பாள். பார்ப்பவர் சிரிக்கும் காட்சி என்றுதான் நான் சொல்லிக்கொடுத்திருந்தேன். அந்த வேடமேற்ற மாணவி சிரிப்பு வரும்படி நடிக்கவில்லை. ஒக்கிப் புயலில் அவள் மாமா கரை திரும்பவில்லை என்பது எனக்கு அப்போது தெரியாது. “எல்லாரும் வந்தாச்சான்னு பார்க்காம நான் ஏற மாட்டேன்” என்று வாசலைப் பார்த்தே நின்றாள். நோவாவாக நடித்த பையன் அடுத்த வசனத்தை மறந்து, அவளருகில் போய் நின்றுகொண்டான். மணி அடித்தும் யாரும் எழவில்லை.