சேஷாசல மலை

நாம் ஆவடியில் புகைவண்டி ஏறித் திருத்தணி, புத்தூர் வழியே வடமேற்கிற் செல்வோமாயின், நகரி மலைகளைக் கடந்தபின் கற்சுவரெனச் சேஷாசலம் எதிர்நிற்கக் காண்போம். கிழக்குத் தொடர்ச்சி மலையின் கூறாகிய இதன்கண், ஏறக்குறைய 353 சதுர கிலோமீட்டர்ப் பரப்பு 1989-ஆம் ஆண்டில் வேங்கடேசுவரர் பெயரால் தேசியப் பூங்காவாயிற்று.

திருமலைக்கு ஏறுவோர் பல்லாயிரவர். பாதையோரப் பாறையை உற்றுநோக்குவோர் மிகச் சிலரே. அடியிற் கருங்கல், அதன்மேல் மணல் படிந்திறுகிய வெண்படிகப்பாறை. இவ்விரண்டும் கூடும் கோட்டின்மேல் விரலை வைப்பின், 50 கோடிக்கும் மேற்பட்ட ஆண்டுகள் அவ்விரலடியில் மறைந்து கிடக்கும்! அக்காலத்துப் படிவு ஒன்றேனும் ஆண்டு எஞ்சிற்றில்லை.

வறண்ட இக்கல்நிலத்தையே செஞ்சந்தனம் விரும்பி வளர்கின்றது. இம்மலைத்தொடரின் தென்பகுதியன்றிப் பிறிதோரிடத்தும் அஃது இயல்பாய்ச் செறிந்து வளர்வதின்று. அதன் வைரம் முற்றப் பல பத்தாண்டுகள் வேண்டும். கள்ளக் கோடரிக்கோ ஒரு நாழிகை போதும்.