இரவு எட்டு மணிக்கு அளந்து பாருங்கோ

என்னுடைய அத்தான் கொக்குவிலில் இருக்கிறார். வீட்டுக்குள் பைபர் வந்த நாளில் இருந்து அவருக்கு வேறு கதை இல்லை. செத்த வீட்டுக்குப் போனாலும் மூலையில் நின்று போனை எடுத்து வேகம் அளப்பார். 2023 சித்திரை வருசத்துக்கு ஊர்காவற்றுறைக்கு வந்தவர், சாப்பிட்ட கை கழுவ முன்னமே என் வீட்டு வைஃபையை அளந்துவிட்டார்.

"என்ன பிள்ளை, பதினொண்டுதான் வருது. இந்தக் காலத்தில ஆரும் செம்புக் கம்பியில இன்ரநெற் வச்சிருக்கினமோ?"

அந்தப் பதினொன்று இப்போது திரும்பி வந்தால் நேர்த்தி வைத்துக் கும்பிடுவேன்.

என் நிலைமையை முதலில் சொல்லிவிடுகிறேன். பாரிசில் லாச்சப்பலில் பலசரக்குக் கடை வைத்திருக்கும் மச்சாளுக்கு நான் கணக்கெழுதுகிறேன். உங்களுக்கும் அப்படி ஒரு மச்சாளோ மருமகனோ இல்லாமலா இருக்கும்? தீவுப்பகுதியில் அப்படி ஒருவர் இல்லாத வீட்டை நான் காணவில்லை. அவள் பற்றுச்சீட்டுகளைப் படமெடுத்து அனுப்புவாள், நான் பதிந்து திருப்பி அனுப்ப வேண்டும். பாரிசுக்கும் எங்களுக்கும் கோடையில் மூன்றரை மணித்தியாலம், மாரியில் நாலரை மணித்தியாலம் வித்தியாசம். அங்கே கடையில் சனம் கூடும்போது இங்கே பொழுதுபட்டிருக்கும். ஆக, என் வேலை நேரம் மாலை ஆறு தொடக்கம் இரவு பதினொரு மணி வரை. இந்த மணிக்கணக்குத்தான் என்னைக் கவிழ்த்தது.

அத்தான் போன மறுகிழமை யாழ்ப்பாணம் ரவுனுக்குப் போனேன். எந்தக் கொம்பனி என்று இங்கே எழுதப் போவதில்லை. குளிரூட்டிய கடை, கழுத்துப்பட்டி கட்டிய பொடியன். கையடக்கமான வெள்ளைப் போர்ஜி ரவுட்டர் ஒன்றை மேசையில் வைத்து என் கண் முன்னால் அளந்தான். நாற்பத்தாறு. "வயர் ஒண்டும் தேவையில்லை அன்ரி, கொண்டுபோய்க் கரண்டில குத்தினாச் சரி." நேரம் காலை பதினொரு மணி. கடைக்கு நேர் மேலே, மொட்டை மாடியில் அவர்களுடைய ரவர் நிற்கிறது. இது இரண்டும் எனக்கு அப்போது உறைக்கவில்லை. கடைக்காரன் தன் கடை வாசல் கிணற்றில் தண்ணீர் அள்ளிக் காட்டி, உன் வீட்டுக் கிணறும் இப்படித்தான் இனிக்கும் என்று சொன்ன மாதிரி. தீவில் பிறந்த நான், கிணற்றுக்குக் கிணறு தண்ணீர் மாறும் என்று தெரிந்த நான், தலையாட்டிவிட்டு வந்தேன்.

சரி, அதுவரைக்கும் நட்டம் ரவுட்டர் காசு மட்டும்தான். உண்மையான மடைவேலை அதற்குப் பிறகு நடந்தது. இரண்டு பக்கமும் வாடகை கட்டுவானேன் என்று, ரவுனில் நின்ற கையோடு பழைய லைனையும் வெட்டச் சொல்லிக் கடிதம் எழுதிக் கொடுத்துவிட்டேன். வந்த அலுவலோடு அலுவலாக, பஸ்சுக்கு நேரமாகுதே என்ற அவதியில். கையெழுத்துப் போட்ட பேனை கூட என்னுடையது இல்லை. அப்பா எத்தனையோ தரம் நடந்து எடுத்த இலக்கம் அது, 021 இல் தொடங்குவது. கனடாவில் இருக்கிற சித்தப்பாவுக்கு மனப்பாடமாகத் தெரிந்த ஒரே இலக்கமும் அதுதான். ஒரு மாத வாடகையை மிச்சம் பிடிக்கப் போய் அதைக் கொடுத்துவிட்டு வந்தேன்.

முதல் இரவு ஆறரைக்கு ஒன்பது வந்தது. ஏழரைக்கு நாலு. எட்டு மணிக்கு ஒன்று தசம் எட்டு. மச்சாள் அனுப்பிய பற்றுச்சீட்டுப் படம் அரைவாசி இறங்கி, கறிவேப்பிலை விலை தெரியாமல் நின்றுவிட்டது. வட்ஸ்அப்பில் அவளுடைய குரல் கிணற்றுக்குள் இருந்து வருவது போல் வந்து போனது. நடுச்சாமம் பன்னிரண்டரைக்கு எழும்பி அளந்தேன். முப்பத்தெட்டு! அந்த நேரத்தில் எனக்கு எதற்கு முப்பத்தெட்டு?

ஏன் இப்படி என்று பிறகுதான் படித்தேன். ரெலிபோன் கம்பி எக்ஸ்சேஞ்ச் வரைக்கும் என் ஒருத்திக்குத்தான். போர்ஜியில் அப்படி இல்லை. ஒரு ரவரில் இருப்பதை அந்த நேரத்தில் அதைப் பிடித்திருக்கும் அத்தனை பேரும் பங்குபோட வேண்டும். பொழுதுபட்டால் கடலுக்குப் போகாதவர்களும், பிள்ளைகளும், வெளிநாட்டுக்குக் கதைப்பவர்களும் ஒரே நேரத்தில் அதில் தொங்குகிறோம். செம்புக் கம்பியை அத்தான் பழசு என்று நக்கலடித்தார். அந்தக் கம்பியின் வேகம் எக்ஸ்சேஞ்சுக்கும் வீட்டுக்கும் இடையிலான தூரத்தில்தான் இருக்கிறது. ஏடிஎஸ்எல் 2 பிளஸ் என்ற முறையில் கடதாசிக் கணக்குப்படி 24 எம்பிபிஎஸ் வரை போகும். தூரம் கூடக்கூட அது தேயும். நாலைந்து கிலோமீற்றர் தள்ளி இருப்பவருக்கு இரண்டு மூன்று வந்தாலே பெரிசு. என் வீட்டில் இருந்து எக்ஸ்சேஞ்சுக்கு நடந்து போகலாம். அதனால்தான் விடிய அளந்தாலும் இரவு அளந்தாலும் மாறாத பதினொன்று எனக்கு வந்துகொண்டிருந்தது. அத்தான் அறியாத இந்தக் கணக்கை நானும் அறியாமல் இருந்ததுதான் கேவலம்.

மூன்றாம் நாள் பழைய லைனைத் திருப்பிக் கேட்டுப் போனேன். கவுண்டரில் இருந்த பிள்ளை மரியாதையாகத்தான் சொன்னது. "செம்புக் கம்பியில இனிப் புது இணைப்பு இல்லை அக்கா. உங்கட பக்கம் பைபர் வரேக்க பதிஞ்சு விடுங்கோ." எப்போது வரும் என்றேன். சிரித்தது.

ஆகவே நான் சொல்வது இதுதான்: புதியது வீட்டுக்கு வந்து ஒரு முழு மாதம் ஓடும்வரை பழையதில் கை வைக்காதீர்கள். இரண்டு வாடகையையும் கட்டுங்கள். ஒரு கொப்பியில் திகதியும் நேரமும் வேகமும் எழுதுங்கள், இரவு எட்டு மணிக் கணக்கைச் சிவப்பில் எழுதுங்கள். ஒரு திருவிழாவோ பள்ளி விடுமுறையோ அந்த மாதத்துக்குள் வந்தால் இன்னும் நல்லது. நயினாதீவு நாகபூசணி அம்மனின் ஆனித் திருவிழாக் காலத்தில் குறிகட்டுவான் இறங்குதுறையில் நின்று ஒரு படத்தை அனுப்பிப் பார்த்தவர்களுக்கு நான் சொல்வது விளங்கும்.

மற்றதெல்லாம் சில்லறை. அடையாள அட்டைப் பிரதி, விலாசத்துக்கு ஒரு கரண்ட் பில், ஒப்பந்தம் எத்தனை மாதம் என்று பார்ப்பது, அவ்வளவுதான். பக்கேஜில் போட்டிருக்கும் ஜிபியில் எவ்வளவு பகலுக்கு, எவ்வளவு நடுச்சாமத்துக்குப் பிறகு என்று மட்டும் பிரித்துக் கேளுங்கள். சிலதில் பாதிக்கு மேல் ஆந்தைகளுக்குத்தான் தருகிறார்கள். எம்பிபிஎஸ் என்பது பிற் கணக்கு, கோப்பின் அளவு பைற் கணக்கு. எட்டால் பிரிக்க வேண்டும். நூறு என்றால் செக்கனுக்குப் பன்னிரண்டரை மெகாபைற்.

இனி, நான் தலை நிமிர்ந்து சொல்லக்கூடிய கதை. ரவுட்டரில் ஐந்து கோடும் நிறைய நின்றும் வேகம் இல்லை என்பது என்னைத் தின்றது. உலாவியில் ரவுட்டரின் பக்கத்தைத் திறந்தால் இரண்டு எண்கள் இருக்கும். ஆர்எஸ்ஆர்பி என்பது சிக்னலின் பலம். எஸ்ஐஎன்ஆர் என்பது அது எவ்வளவு துப்புரவாக வருகிறது என்பது. கோடுகள் காட்டுவது பலத்தைத்தான். எனக்குப் பலம் மைனஸ் 81, அது திறம். துப்புரவு மூன்று, அது குப்பை. பக்கத்து ரவர் காதுக்குள் நின்று கத்துகிறது, ஆனால் ஆயிரம் பேரோடு சேர்த்துக் கத்துகிறது.

ஊர்காவற்றுறையில் துறையடிக்குப் போனால் எதிரில் காரைநகர். நடுவில் கடற்கோட்டை. படகுப்பாதை இழுபடும் அந்தச் சின்னக் கடலைத் தாண்டி, காரைநகரில் அதே கொம்பனியின் ரவர் ஒன்று இரவில் சிவப்பு விளக்கோடு தெரியும். தண்ணீருக்கு மேலே மரமும் இல்லை, மதிலும் இல்லை. அதைப் பிடித்தால் என்ன?

ஒரு பக்கம் மட்டும் பார்க்கும் அன்ரெனா ஒன்றை வாங்கினேன். இரண்டு வயர் உள்ளது வேண்டும், ஒன்று போதும் என்று விற்பவன் சொன்னால் கடையை மாற்றுங்கள். இருபதடி இரும்புக் குழாயில் கட்டி, கிணற்றடி மதிலோடு நிமிர்த்தினோம். பக்கத்து வீட்டுத் தம்பி குழாயைப் பிடிக்க, நான் குசினிக்குள் மடிக்கணினியோடு இருந்தேன். "இன்னும் கொஞ்சம் வடக்க... காணும், காணும்... திருப்பித் தெற்க!" ஒரு விரற்கடை திருப்பினால் எண் மாறுகிறது. மூன்று, ஐந்து, நாலு, ஒன்பது. தம்பியின் கை நடுங்கியது, எண்ணும் நடுங்கியது. கடைசியில் பதினான்கில் நின்றது. பலம் மைனஸ் 97 ஆக விழுந்து, ஐந்து கோடு மூன்றாகிவிட்டது. தம்பி வந்து பார்த்துவிட்டு, "அக்கா, குறைஞ்செல்லோ போட்டுது" என்றான். அன்று இரவு எட்டு மணிக்கு இருபத்திரண்டு வந்தது.

உப்புக் காற்றில் வயர் பொருத்தும் இடம் மூன்று மாதத்தில் பச்சை பிடிக்கும், இறப்பர் ரேப்பை இறுக்கிச் சுற்ற வேண்டும். ஐப்பசி கார்த்திகையில் மின்னல் தொடங்கினால் வயரைக் கழற்றி வைக்க வேண்டும். ரவுட்டருக்கு ஒரு குட்டி யூபிஎஸ்சும் வேண்டும். 2022 பங்குனிக் கடைசியில் நாளுக்குப் பதின்மூன்று மணித்தியாலம் கரண்ட் வெட்டிய நாட்டில் இதை விளக்கத் தேவையில்லை.

வீட்டுக்குள்ளேயும் ஒரு தூரம் இருக்கிறது. ரவுட்டர் இரண்டு வைஃபை தரும். ஐந்து கிகாஹேர்ட்ஸ் என்பது வேகமானது, ஆனால் எங்கள் பழைய கல்வீட்டுச் சுவர் இரண்டைத் தாண்டினால் செத்துவிடும். இரண்டு தசம் நாலு என்பது சுவரெல்லாம் தாண்டும், ஆனால் நொண்டும். நான் இரண்டுக்கும் வேறு வேறு பெயரும் பாஸ்வேர்டும் வைத்திருக்கிறேன். என் வேலை மேசை ரவுட்டருக்கு நாலடி தள்ளி.

அளக்கும்போது இன்னொரு ஏமாற்று நடக்கும். வேகம் அளக்கும் செயலி தானாகவே கிட்ட உள்ள சேர்வரைத் தேடிப் பிடிக்கும். எனக்குக் கொழும்பு எவ்வளவு வேகம் என்பதால் என்ன பயன்? சேர்வரைப் பாரிசுக்கு மாற்றி அளவுங்கள். பாரிசுக்குப் போகும் வழியோ சுற்றுவழி. கடலுக்கு அந்தப் பக்கம் இராமேஸ்வரம். நெடுந்தீவுக்குப் போன அன்று என் போனில் இந்தியாவுக்கு நல்வரவு என்று செய்தி வந்தது. அங்கே போகிறவர்கள் ரோமிங்கை நிற்பாட்டிவிட்டுப் போங்கள், பிறகு பில்லைப் பார்த்து அழாதீர்கள். இந்தியா அவ்வளவு கிட்ட இருந்தும் எங்கள் பற்றுச்சீட்டு முதலில் தெற்கே, ஏறத்தாழ நானூறு கிலோமீற்றர் ஓடிக் கொழும்புக்குப் போய்த்தான் கடல் கேபிளில் ஏற வேண்டும். கொழும்பில் கரையேறும் சீ-மீ-வீ 4 கேபிளின் மறுமுனை பிரான்சில், மார்செய்யில். கிழக்கே இருக்கிற வீட்டுக்கு மேற்கால சுற்றிப் போகிற மாதிரி.

நயினாதீவில் படிப்பிக்கும் சிநேகிதி, இதெல்லாம் உனக்குச் சரி, எங்களுக்கு என்ன என்று கேட்டாள். இன்ரநெற் இருக்கட்டும், அங்கேயும் நெடுந்தீவு, அனலைதீவிலும் கரண்டே டீசல் ஜெனரேற்றரில்தான் வந்தது. அந்த மூன்று தீவுக்கும் காற்றாலையும் சூரிய மின்சாரமும் கலந்த நிலையங்கள் அமைக்க 2024 மார்ச்சில் இந்திய நிதியுதவியோடு ஒப்பந்தம் எழுதினார்கள். கனடாவில் இருக்கிற என் தம்பி, "ஸ்டார்லிங்க் போடக்கா" என்கிறான். 2025 யூலையில் அது இலங்கையில் தொடங்கிவிட்டது, பூமிக்குக் கிட்ட ஓடும் செய்மதிகள். நெடுந்தீவு மேற்கில் இருந்தால் நானும் யோசிப்பேன். காரைநகர் ரவர் கண்ணுக்குத் தெரியிற எனக்கு அந்தக் காசு எதற்கு? இதை நான் கஞ்சத்தனத்தில் சொல்வதாக அவன் நினைக்கிறான். நினைக்கட்டும்.

போன மாதம் கொக்குவிலில் வாய்க்காலுக்குக் கிண்டிய இயந்திரம் பைபரையும் சேர்த்து அள்ளிவிட்டது. நாலு நாளாகியும் திருத்த ஆள் வரவில்லை. ஐந்தாம் நாள் அத்தான் மடிக்கணினியைத் தோளில் கொழுவிக்கொண்டு பஸ்சில் வந்து இறங்கினார். கொழும்புக் கந்தோரோடு இரவு எட்டு மணிக்கு ஏதோ கூட்டமாம். கிணற்றடிக் குழாயை ஏற இறங்கப் பார்த்தார். ஒன்றும் சொல்லவில்லை.

"பாஸ்வேர்ட் என்ன பிள்ளை?"

தொங்கல் அறையில் மேசை போட்டுக் கொடுத்தேன். நடுவில் மூன்று சுவர். துண்டில் பெரிய எழுத்தில் எழுதிக் கொடுத்ததும் இரண்டு தசம் நாலின் பாஸ்வேர்டைத்தான்.