மாவு ஒட்டிய விரல்கள்

புதுச்சேரி

மருமகளுக்கு,

உன் கடிதம் வந்து சேர்ந்தது. லூசியானாவில் ஓர் ஆரம்பப் பள்ளியில், பாதிப் பொழுதுக்கு மேல் பிரெஞ்சிலும் எஞ்சிய பொழுது ஆங்கிலத்திலும் பாடம் நடக்கும் இரண்டாம் வகுப்பு உன் பொறுப்பில் வந்திருப்பதையும், ஏழு வயதுக் குழந்தைகள் இருபத்து நால்வருக்கு உலகத்து மக்களின் பழக்கவழக்கங்களைப் புஸ்தகத்தைப் புரட்டிச் சொல்லாமல் கைவேலையாகவே கற்பிக்கும்படி தலைமையாசிரியர் கேட்டுக்கொண்டிருப்பதையும் விவரமாக எழுதி, வாரத்துக்கு ஒரு தேசம் வீதம் பன்னிரண்டு தேசங்களுக்குப் பட்டியல் போட்டு, ஒவ்வொன்றுக்கும் ஒரு கொடி, ஓர் உடை, ஒரு பலகாரம் என்று கட்டம் கட்டி அனுப்பி, முப்பத்தாறு வருஷம் உபாத்தியாயர் வேலை பார்த்தவன் என்ற உரிமையில் என் அபிப்பிராயத்தைக் கேட்டிருக்கிறாய். என் அபிப்பிராயம் இதுதான்: பன்னிரண்டில் பத்தை அடித்துவிடு.

கோபித்துக்கொள்ளாதே. இதே பட்டியலை நானும் ஒரு காலத்தில் போட்டவன்தான். வேலைக்குச் சேர்ந்த புதிதில், இந்த ஊரிலேயே ஓர் இருமொழிப் பள்ளியில், 'உலக தினம்' என்று ஒன்றை வெகு சிரத்தையுடன் ஏற்பாடு செய்தேன். நம் ஊர்க்காரர்கள் பிரெஞ்சுக்காரர் காலத்தில் உத்தியோகத்துக்கும் பட்டாளத்துக்குமாகச் சைகோனுக்குப் போனதும், சிலர் அங்கேயே கல்யாணம் செய்துகொண்டு குடும்பத்தோடு திரும்பியதும் நீ அறிந்த விஷயம். அப்படிப்பட்ட வீட்டுப் பெண் ஒருத்தி என் வகுப்பில் இருந்தாள். அவளுக்கு அட்டையில் கூம்புத் தொப்பி ஒன்று செய்து தலையில் கவிழ்த்து, 'வியட்நாம்' என்று எழுதிய சீட்டை மார்பில் குத்தி வரிசையில் நிறுத்தினேன். அவள் அழவில்லை, என்னை நிமிர்ந்து பார்த்து, "எங்க ஆயா இதப் போட்டுக்கிட்டதே இல்ல, முசே" என்றாள். அவ்வளவுதான். அன்று அந்தத் தொப்பியின் கீழ் இருந்த முகத்தை நான் இன்னும் மறக்கவில்லை.

மறுவாரம் அந்த ஆயாவின் வீட்டுக்குப் போனேன். கேட்டுக்கொண்டபடி ஒரு வெள்ளிக்கிழமை துணிப்பையில் அரிசித் தாள்களைக் கட்டி எடுத்துக்கொண்டு அவர் வகுப்புக்கு வந்தார். காய்ந்த அப்பளம் போல விறைப்பாகவும், வெளிச்சத்தில் பிடித்தால் மறுபக்கத்து விரல் தெரியுமளவுக்கு மெல்லியதாகவும் இருக்கும் அந்தத் தாளைத் தண்ணீர்த் தட்டில் முக்கி, ஒரு மூச்சு விடும் நேரத்துக்குள் எடுத்து, ஈரத்துணியின் மேல் பரப்பி, கேரட்டும் சேமியாவும் வைத்து, முதலில் அடியை மடித்து, இரு பக்கத்தையும் உள்ளே தள்ளி, இறுக்கிச் சுருட்ட வேண்டும். ஒரு விநாடி அதிகமாக முக்கினால் கிழியும். குறைவாக முக்கினால் முறியும். குழந்தைகள் நாற்பது தாளையாவது கிழித்திருப்பார்கள். ஆயா ஒரு வார்த்தைகூடக் கடிந்து சொல்லாமல், கிழிந்ததை வாயில் போட்டுக்கொண்டு, அடுத்த தாளை நீட்டிக்கொண்டே இருந்தார். முக்கு, மடி, சுருட்டு என்ற மூன்று வினைகளுக்கும் உரிய பிரெஞ்சுச் சொற்களைக் கரும்பலகையில் எழுதி நான் மூன்று மாதமாகத் தோற்றிருந்தேன். அன்று ஒரு மணி நேரத்தில் அவை எல்லார் நாவிலும் ஏறின. அதுவரை பிரெஞ்சில் வாயே திறவாத ஒரு பையன், விரலில் ஒட்டிக்கொண்ட தாளை உதறியபடி "ஸா கோல்!" என்று கத்தினான். ஒட்டுகிறது என்று அர்த்தம். அந்தச் சொல்லை நான் அவனுக்குக் கற்பித்ததாக ஞாபகமில்லை.

மாவில் கை வைப்பது என்று பிரெஞ்சுக்காரர்கள் ஒரு பேச்சு வழக்கு வைத்திருக்கிறார்கள். வேலையில் தானும் இறங்குவது என்று அதற்குப் பொருள். 1992இல் பௌதிகத்துக்கு நோபல் பரிசு பெற்ற ஜார்ஜ் ஷார்பாக், ஆரம்பப் பள்ளிகளில் விஞ்ஞானத்தைக் கையால் செய்து பார்த்தே கற்க வேண்டுமென்று 1996இல் தொடங்கிய இயக்கத்துக்கு அந்த வழக்கையே பெயராக வைத்தார். விஞ்ஞானத்துக்குச் சொன்னது அன்னிய மக்களின் வாழ்க்கையைக் கற்பதற்கு இன்னும் அதிகமாகப் பொருந்தும் என்பது என் எண்ணம். ஆனால் கை என்றால் யாருடைய கை என்று கேட்டுக்கொள்ள வேண்டும். குழந்தையின் கைக்கு முன்னால், அந்த வேலையை வாழ்நாளெல்லாம் செய்த ஒருவருடைய கை இருக்க வேண்டும். அப்படி ஒரு கை அகப்படாத தேசத்தைப் பட்டியலில் சேர்க்காதே. அட்டையை வெட்டிப் பசை தடவுவது கைவேலைதான். அதிலே குழந்தை கற்பது அட்டையையும் பசையையும்தான்.

சரி, எங்கே தொடங்குவது? ஜப்பானிலும் பெரு தேசத்திலும் தொடங்காதே. உன் வகுப்புக் குழந்தைகளின் வீட்டு அடுப்பிலேயே தொடங்கு. அங்கே எல்லார் வீட்டிலும் கம்போ என்ற குழம்பு உண்டு என்று எழுதியிருந்தாயே, அந்த ஒரு பானைக்குள் உன் பன்னிரண்டு தேசங்களில் பாதி அடங்கிவிடும். கொழுப்பில் மாவைப் போட்டு, தீயாமல், கரண்டியை விடாமல் கிளறிச் செம்பழுப்பாக வறுத்தெடுப்பது பிரெஞ்சு முறை. குழம்பைக் கெட்டியாக்கத் தூவும் ஃபிலே என்ற பொடி, சாசஃப்ராஸ் மரத்து இலையைக் காயவைத்து இடித்தது. அந்த மண்ணின் பூர்வகுடிகளான சாக்டா மக்கள் கற்றுக்கொடுத்தது. கம்போ என்ற பெயரோ ஆப்பிரிக்கப் பாந்து மொழிகளில் வெண்டைக்காய்க்கு உள்ள பெயர். நம் வீட்டு வெண்டைக்காயேதான்! அதனோடு உண்ணும் சோற்றுக்கும் சரித்திரம் உண்டு. 1719இல் அடிமைகளை ஏற்றிய முதல் கப்பல்கள் லூசியானாவுக்குப் புறப்பட்டபோது, நெல் பயிரிடத் தெரிந்த ஆப்பிரிக்கர்களையும் விதை நெல்லையும் கொண்டுவரும்படி கப்பல் தலைவர்களுக்கு உத்தரவு இருந்தது. ஏழு வயதுக் குழந்தையிடம் இதைச் சொல்லலாமா என்று தயங்குவாய். சொல். 'இவர்கள் விரும்பி வரவில்லை. கட்டி இழுத்து வரப்பட்டார்கள். வந்த இடத்தில் தங்களுக்குத் தெரிந்த பயிரை வளர்த்தார்கள்' என்று மூன்றே வாக்கியம், பதறாமல், மறைக்காமல் சொல். அந்த மக்களின் வழிவந்த குழந்தைகளும் உன் முன்னால்தான் உட்கார்ந்திருப்பார்கள்.

பள்ளியில் அடுப்பு வைக்க அனுமதி கிடைக்காது; கவலையில்லை. ஆளுக்கொரு வெண்டைக்காயும் பல்லில்லாத கத்தியும் கொடுத்துக் குறுக்கே வெட்டச் சொல். வெட்டிய முகத்தைச் சாயத்தில் தோய்த்துக் காகிதத்தில் பதித்தால் ஐந்து கோணப் பூ விழும். வழவழப்பு விரலில் நூல் நூலாக இழுக்கும். முகம் சுளித்து நாலு பேர் கூச்சலிடுவார்கள். அந்தக் கூச்சல் ஆங்கிலத்தில்தான் வரும், தெரிந்துகொள். எத்தனை வருஷம் இரண்டாம் மொழியில் படித்த குழந்தையானாலும் உற்சாகம் மிஞ்சினால் வீட்டு மொழிக்குத் தாவிவிடும், அதற்காக அதட்டாதே. நான் கையாண்ட ஒரு தந்திரம் சொல்கிறேன். சாமான்களைக் குழந்தைகளின் மேஜையில் பரப்பாமல் உன் மேஜையிலேயே வைத்துக்கொள். கத்தி வேண்டுமா, சாயம் வேண்டுமா, துடைக்கத் துணி வேண்டுமா, வந்து பிரெஞ்சில் கேட்டு வாங்கிப் போகட்டும். ஒரே மணி நேரத்தில் 'தயவுசெய்து எனக்கு' என்று தொடங்கும் வாக்கியம் நூறு தடவை உன் காதில் விழும். இலக்கணப் பயிற்சி என்று பெயர் வைத்திருந்தால் பத்துத் தடவைக்கே அலுத்துப்போயிருப்பார்கள்.

ஜனவரி 6ஆம் தேதி வரும் மூவரசர் திருநாளை விடாதே. பிரான்சின் வடபாகத்தில் அதற்கு அடுக்கடுக்கான மாவுக்குள் பாதாம் விழுது வைத்துச் சுடுவார்கள். தென்பாகத்தில் வளையமாக ரொட்டி சுட்டு, சர்க்கரைப் பாகில் ஊறிய பழங்களை மேலே பதிப்பார்கள். உங்கள் ஊரிலும் வளையந்தான். ஆனால் ஊதா, பச்சை, பொன் என்ற மூன்று நிறச் சர்க்கரை தூவி, மார்தி கிரா விழா வரைக்கும் வாரக்கணக்கில் சாப்பிடுவார்கள். பிரான்சில் உள்ளே ஒளித்து வைப்பது ஒரு பயறு, பிற்காலத்தில் பீங்கான் பொம்மை; அங்கே பிளாஸ்டிக் குழந்தை. பிரான்சில் அது கிடைத்தவன் ராஜா. லூசியானாவில் கிடைத்தவன் அடுத்த கேக்கை வாங்கிவர வேண்டும்! பட்டத்துக்கும் செலவுக்கும் உள்ள இந்த வித்தியாசத்தைக் குழந்தைகள் நம்மைவிட ரசிப்பார்கள். வீட்டின் கடைக்குட்டி மேஜைக்கு அடியில் புகுந்துகொண்டு, எந்தத் துண்டு யாருக்கு என்று கூவுவது பிரான்சு வழக்கம். அதை மட்டும் தவறாமல் செய். உன் வகுப்பில் அதிகம் பேசாத குழந்தையை மேஜைக்கு அடியில் அனுப்பு. முகம் தெரியாத இடத்தில் குரல் வரும். பாதாம் வேண்டாம்; கொட்டை வகை ஒத்துக்கொள்ளாத குழந்தைகள் இருக்கலாம், பெற்றோரை எழுத்தில் கேட்டுக்கொண்ட பிறகே எதையும் உண்ணக் கொடு.

இனி, எல்லாவற்றையும்விட நான் பெரிதாக நினைக்கும் சங்கதி. உன் பிரெஞ்சு பள்ளிக்கூடத்துப் பிரெஞ்சு. பாரிஸ் வாசனை அடிக்கும். அந்தக் குழந்தைகளின் பாட்டன்மாருடைய பிரெஞ்சு வேறு. 1755இல் இன்றைய கனடாப் பக்கத்து அக்காடியாவிலிருந்து துரத்தப்பட்டு, பத்தாண்டு அலைந்து, சதுப்புநிலக் கரையில் வந்து குடியேறியவர்களின் பேச்சும், கிரியோல் மக்களின் பேச்சும் சேர்ந்த நாட்டு மொழி அது. இறாலை அவர்கள் 'ஷெவ்ரெத்' என்பார்கள். நீ படித்தது 'க்ரெவெத்'. 1921இல் அந்த மாநிலத்து அரசியல் சட்டம் பள்ளிகளில் ஆங்கிலம் ஒன்றே நடக்க வேண்டுமென்று விதித்தபின், விளையாட்டு மைதானத்தில் பிரெஞ்சு பேசியதற்காக எத்தனையோ குழந்தைகள் முட்டிபோட்டார்கள். இனிப் பேசமாட்டேன் என்று பக்கம் பக்கமாக எழுதினார்கள். 1968இல் அரசாங்கமே மனம் மாறி, பிரெஞ்சை வளர்க்க கோடோஃபில் என்ற சபையை நிறுவி, வெளிதேசங்களிலிருந்து ஆசிரியர்களை அழைக்கத் தொடங்கியது. அந்த வரிசையில்தான் நீயும் போய் நிற்கிறாய். ஒரு கிழவர் உன் வகுப்புக்கு வந்து இறால் வலை பின்னிக் காட்டும்போது 'ஷெவ்ரெத்' என்று சொல்ல, நீ பலகையில் 'க்ரெவெத்' என்று திருத்தி எழுதினாயானால், அவரை இரண்டாம் தடவை முட்டிபோட வைத்தவளாவாய். இரண்டு சொல்லையும் எழுதி, கீழே இறால் படம் போடச் சொல்.

அங்கே உனக்கு ஒரு பழைய சிநேகிதனும் காத்திருக்கிறான். காய்கறி வாங்கிய பின் கடைக்காரன் மேலே கொஞ்சம் அள்ளிப் போடுவதற்கு நியூ ஆர்லியன்ஸில் 'லான்யாப்' என்று பெயர். தென் அமெரிக்கக் கெச்சுவா மொழியில் பிறந்து, ஸ்பானியரின் வாய்வழி வந்து, பிரெஞ்சுக் கோலம் பூண்ட சொல் அது. மார்க் ட்வைன்கூட 1883இல் வெளியான தம் மிசிசிப்பிப் புஸ்தகத்தில் அதை மெச்சி எழுதியிருக்கிறார். நம்முடைய கொசுறுதான், வேறென்ன! கொத்துமல்லிக் கட்டுக்கு மேல் இரண்டு இணுக்குக் கறிவேப்பிலை கேட்டு உன் அம்மா பெரிய மார்க்கெட்டில் போடும் சண்டையைக் குழந்தைகளுக்கு நடித்துக் காட்டு. வகுப்பில் ஒரு சந்தை வைத்து, பொத்தான்களைக் காசாகக் கொண்டு, கொசுறு கேட்காத ஆள் தோற்றவன் என்று விதி செய்துவிட்டால், பேரம் பேசப் பேசப் பிரெஞ்சு வளரும். இந்த ஒரு பாடத்தில் நம் ஊரைச் சேர்த்துக்கொள்ள உனக்கு உரிமை உண்டு. காரணம், அந்தச் சண்டையைக் கண்ணால் கண்ட ஆள் நீயே.

பட்டியலில் மிஞ்சும் தூரதேசம் ஒன்றுக்கு நேரே ஆள் கிடைக்காவிட்டால், கடிதம் இருக்கிறது. முதல் உலக யுத்தத்தில் நுரையீரலில் குண்டடிபட்டு, உரக்கப் பேச முடியாமற்போன செலஸ்தேன் ஃப்ரெனே என்ற கிராமத்து உபாத்தியாயர், பிரான்சின் தெற்கே பார்-சூர்-லூ என்ற ஊரில் ஒரு சிறிய அச்சுப் பொறியை வகுப்பில் வைத்து, பிள்ளைகள் தங்கள் கையால் எழுத்துக் கோத்து அச்சடித்த பக்கங்களை, அந்நாட்டின் பிரித்தானிப் பகுதிக் கடற்கரையில் திரேகங்க் என்ற ஊர்ப் பிள்ளைகளுக்கு அனுப்பச் செய்தார். அங்கே தானியேல் என்ற ஆசிரியர் தம் வகுப்பிலிருந்து பதில் அனுப்பினார். ஒரே தேசத்துக்குள் மலையும் கடலும் ஒன்றையொன்று அன்னியமாகப் பார்த்துக்கொண்டன! 1826 முதல் நம் ஊரில் நடந்துவரும் பிரெஞ்சு லிசேயில் என் பழைய மாணவி ஒருத்தி ஆரம்ப வகுப்பு எடுக்கிறாள். உன் வகுப்போடு கடிதம் எழுதிக்கொள்ளச் சம்மதித்துவிட்டாள். நீ முதலில் அனுப்ப வேண்டியது வெண்டைக்காய் அச்சுப் பதித்த தாள்கள் இருபத்து நான்கு. இங்கிருப்பவர்கள் அது என்ன பூ என்று ஒரு வாரம் மண்டையை உடைத்துக்கொள்ளட்டும்.

கோலமாவு அரைக் கிலோ கட்டி அனுப்பலாமென்று உன் அம்மா பிடிவாதம் பிடித்தாள். பொட்டலம் பொட்டலமாக வெள்ளைப் பொடியைக் கண்டால் உங்கள் ஊர்ச் சுங்க அதிகாரிகள் உன்னை என்ன கேள்வி கேட்பார்களோ என்று பயந்து தடுத்துவிட்டேன். உருட்டினால் கோடு விழும் பித்தளைக் கோலக்குழல் ஆறு மட்டும் நாளைத் தபாலில் வருகின்றன. அரிசி மாவு அங்கேயே வாங்கிக்கொள். நெல் விளையும் சீமைதானே.

இப்படிக்கு,
உன் மாமன்