கோப்பின் வாலைப் பார்த்து வேகம் மாறாது

அன்புள்ள தம்பிக்கு,

உன் புராஜெக்ட் அறிக்கையைப் படித்தேன். டெக்ஸ்ட், படம், பாட்டு, வீடியோ என நான்கு வகைக் கோப்புகளையும் டிஇஎஸ், புளோஃபிஷ், ஏஇஎஸ் மூன்றிலும் குறியாக்கம் செய்து வரைபடம் போட்டிருக்கிறாய். வீடியோவுக்குத்தான் அதிக நேரம் பிடிக்கிறது என்பது உன் முடிவு. வீடியோக் கோப்பு பெரியது, அதனால் நேரம் பிடித்தது. அதற்கு மேல் அதில் ஒன்றுமில்லை.

ஏஇஎஸ் தரவைப் பதினாறு பதினாறு பைட்டாக அள்ளி வேலை செய்யும். அள்ளியது கல்யாண வீடியோவா, கடைக் கணக்கா என்று அதற்குத் தெரியாது. உள்ளே இருப்பதைப் பொறுத்து நேரம் மாறினால் அது ஓட்டை. 2005இல் குறியாக்க ஆய்வாளர் டேனியல் பெர்ன்ஸ்டைன் இதைத்தான் காட்டினார்: ஏஇஎஸ் நிரல் தன் அட்டவணைகளைத் தேடும்போது கேஷ் நினைவகத்தால் வரும் நுண்ணிய நேர வித்தியாசத்தை அளந்தே சாவியை எடுத்துவிட்டார். ஆகவே ஒரே அளவுள்ள இரு கோப்புகளுக்கு நேரம் மாறினால் முதலில் உன் அளவீட்டைச் சந்தேகி. அது சரியாக இருந்தால் நிரலைச் சந்தேகி.

உன் அளவீட்டில் டிஸ்கிலிருந்து கோப்பைப் படிக்கும் நேரமும் கலந்திருக்கிறது. முதல் ஓட்டத்தில் கோப்பு டிஸ்கிலிருந்து வரும். அடுத்த ஓட்டத்தில் பெரும்பாலும் நினைவகத்திலிருந்தே வந்துவிடும். கோப்பை முழுசாக ஏற்றிக்கொண்டு, அப்புறம் கடிகாரத்தை ஓடவிடு. பல தடவை ஓட்டி நடு எண்ணை எடு. நொடிக்கு எத்தனை எம்பி என்று எழுது.

சின்ன டெக்ஸ்ட் கோப்பில் புளோஃபிஷ் பின்தங்கியிருக்கிறதே, அதுதான் உன் அறிக்கையிலேயே சுவையான இடம். நீயோ ஒரு வரியில் தாண்டிவிட்டாய். சாவியைத் தயார்செய்யவே புளோஃபிஷ் 521 தடவை தன்னைத்தானே ஓட்டிக்கொள்கிறது. ஏறத்தாழ 4 கேபி தரவைக் குறியாக்கும் உழைப்பு அது. கோப்பே அரை கேபி என்றால் தோற்காமல் என்ன செய்யும்?

கோப்பு வகை கணக்கில் வருவது சுருக்கும்போதுதான். டெக்ஸ்டைச் சுருக்கிவிட்டுக் குறியாக்கினால் வேலை குறையும். ஜேபெக், எம்பி4 ஏற்கெனவே சுருங்கியவை. சரியான முறையில் குறியாக்கிய பிறகு எதையும் சுருக்க முடியாது. இன்னொன்று, சுருக்காத பிஎம்பி படத்தை, ஒவ்வொரு துண்டையும் தனித்தனியாகக் குறியாக்கும் இசிபி முறையில் குறியாக்கிப் பார். படத்தின் உருவம் பெரும்பாலும் அடையாளம் தெரியும். அந்தப் படத்தை அறிக்கையில் போடு.

டிஇஎஸ்ஸை எடுத்துவிடு. அதன் 56 பிட் சாவியை 1998லேயே மூன்று நாளுக்குள் உடைத்துவிட்டார்கள். வேகத்தில் ஜெயித்தாலும் யாருக்கு லாபம்? அந்த இடத்தில் சாச்சா20ஐ வை. 2010 முதல் பல இன்டெல் சிப்புகளில் ஏஇஎஸ்ஸுக்கென்றே கட்டளைகள் உண்டு. அப்படிப்பட்ட கட்டளைகள் இல்லாத மலிவு போன்களில் சாச்சா20 முந்தும். உன் லேப்டாப்பிலும் அப்படியொரு பழைய போனிலும் ஓட்டிப் பார்த்தால் ஒப்பிடத் தகுந்த வித்தியாசம் கிடைக்கும்.

கோப்பு வகைகளை ஒப்பிடும் தலைப்பை மாற்ற உன் கைடு விடமாட்டார் என்கிறாய். மாற்ற வேண்டாம். டெக்ஸ்ட், பிஎம்பி, எம்பி4 ஒவ்வொன்றிலும் சரியாக 10 எம்பி வெட்டி எடுத்து அளந்து, பட்டைகள் மூன்றும் ஒரே உயரத்தில் நிற்கும் வரைபடத்தைப் போடு. வைவாவில் ஏன் வித்தியாசமே இல்லை என்று கட்டாயம் கேட்பார்கள். பெர்ன்ஸ்டைனிலிருந்து ஆரம்பி.

அன்புடன்,
அண்ணன்