வீடு எழுமுன் குடும்பம் எழட்டும்



"காணி இருக்கிறது சுவாமி, வீடுதான் இன்னும் இல்லை." நம் பங்குகளில் குருக்கள் அடிக்கடி கேட்கும் வார்த்தை இது. காணிக்கு வேலி அடைத்தாயிற்று. மூலையில் கொஞ்சம் கருங்கல் குவிந்து கிடக்கிறது. குடும்பமோ வாடகை அறையிலோ, மனைவியின் பெற்றோர் வீட்டு விறாந்தையிலோ வாழ்கிறது. "அடுத்த வருடம் கட்டிவிடுவோம்" என்கிறார் தகப்பன். அந்த ஒரு வருடத்தைக் கிறிஸ்தவக் குடும்பம் எப்படி வாழவேண்டும் என்பதே இவ்வாரப் பாடம்.

பலர் அந்த வருடத்தை வாழ்வதில்லை, கடத்துகிறார்கள். குடும்ப செபமா? சொந்த வீட்டுக்குப் போனபின். பிள்ளையோடு இருந்து பாடம் பார்ப்பதா? அதுவும் சொந்த வீட்டில். ஆனால் இன்று தள்ளிவைத்த செபம் புது வீட்டின் வாசலில் நமக்காகக் காத்து நிற்பதில்லை. பழைய அறையில் பழகிய சச்சரவும் குடியும் மட்டும் நமக்கு முன்பே அங்கே குடிபோய்விடும்.

1. ஓர் அறையில் ஆறு பேர்

பாலையூற்றுத் திருத்தலத்தில் நாம் வணங்கும் லூர்து அன்னை எந்தக் குடும்பத்துப் பிள்ளைக்குக் காட்சி கொடுத்தார் என்று எண்ணிப் பார்த்ததுண்டா? பெர்னதெத்தின் தகப்பன் மாவரைக்கும் ஆலை நடத்தியவர். தொழில் நொடிந்தது, வாடகை கட்ட முடியவில்லை, 1854இல் ஆலையை விட்டு வெளியேறினார்கள். பின்னர் இடம் மாறி மாறி, 1857இல் ஓர் உறவினரின் தயவால், முன்னொரு காலத்தில் சிறைக்கூடமாயிருந்த ஈரமான ஓர் அறையில் ஒதுங்கினார்கள். பெற்றோரும் நான்கு பிள்ளைகளுமாக ஆறு பேர். அதே வருடம் மாவு திருடினார் என்ற சந்தேகத்தில் தகப்பனைப் பிடித்துச் சென்று, பின்பு விடுவித்தார்கள்.

அந்த அறையிலிருந்துதான் 1858 பெப்ரவரி 11ஆம் திகதி பெர்னதெத் விறகு பொறுக்கப் புறப்பட்டாள். மசபியேல் குகையில் அன்னையைக் கண்டாள். அந்தக் குடும்பத்தில் வறுமை இருந்தது, ஆனால் மாலைச் செபம் நின்றுபோகவில்லை. காட்சிகளுக்குப் பின் பார்க்க வந்தோர் பணம் நீட்டியபோது அவள் வாங்க மறுத்தாள். சொந்த வீடில்லாத காலத்தில் அந்தப் பெற்றோர் தங்கள் பிள்ளைக்குள் கட்டியெழுப்பிய வீடு அது.

2. வேதாகமம் கற்பிப்பது

ஆபிரகாம் வாக்களிக்கப்பட்ட நாட்டிலேயே கூடாரத்தில் வாழ்ந்தார் என்று எபிரேயர் நிருபத்தின் 11ஆம் அதிகாரம் நினைவூட்டுகிறது. தாவீது ஆண்டவருக்கு வீடு கட்ட விரும்பினார். "நானே உனக்கு ஒரு வீட்டை ஏற்படுத்துவேன்" என்ற கருத்தில் மறுமொழி வந்தது. ஆண்டவர் சொன்ன வீடு தாவீதின் சந்ததி. மத்தேயு நற்செய்தியில், ஞானிகள் குழந்தையைக் கண்டது பெத்லகேமில் ஒரு வீட்டினுள் (2:11). அது சூசையப்பருக்குச் சொந்தமான வீடு என்று நற்செய்தி சொல்லவில்லை. சில நாளில் அதையும் விட்டு எகிப்துக்கு ஓடினார்கள். ஆயினும் இயேசு இருந்ததால் அது பரிசுகளும் வணக்கமும் வந்து சேர்ந்த வீடாயிற்று.

ஆகவே, "வாடகை அறையில் திரு இருதயப் படத்தை நிறுவலாமா?" என்று கேட்போருக்கு விடை சுலபம். தாராளமாக நிறுவலாம். 1907ஆம் ஆண்டில் மத்தேயோ அடிகளார் தொடங்கிய இப்பக்தி முயற்சியில் ஆண்டவருக்கு அர்ப்பணிக்கப்படுவது குடும்பமேயன்றிச் சுவரல்ல. வீடு மாறும்போது படத்தைக் கழற்றி எடுத்துச் செல்லலாம். அர்ப்பணத்தை யாரும் கழற்ற வேண்டியதில்லை.

3. பொறுமை வேறு, அநீதி வேறு

இப்படிச் சொல்வதால், வீடில்லாமை நல்லது என்று எவரும் எண்ணிவிடக் கூடாது. குடும்ப உரிமைகள் பற்றித் திருப்பீடம் 1983இல் வெளியிட்ட சாசனம், குடும்பத்துக்கு ஏற்ற தகுதியான வீட்டை உரிமை என்றே குறிக்கிறது. பாப்பரசர் பிரான்சிஸ் 2016இல் எழுதிய "அன்பின் மகிழ்ச்சி" என்னும் மடலும் வீட்டுப் பிரச்சினையைக் குடும்பப் பிரச்சினையாகவே காண்கிறது.

நமது கரையோர மக்கள் இதை அனுபவத்தால் அறிவார்கள். போரினால் மீண்டும் மீண்டும் இடம்பெயர்ந்தவர்கள் பலர். 2004 டிசம்பர் 26ஆம் திகதி சுனாமிக்குப் பின், வடக்கு கிழக்குக் கரையில் 200 மீற்றருக்குள் கட்டக்கூடாது என்ற கட்டுப்பாடு வந்தது. அது தளர்த்தப்படும் வரை எத்தனையோ குடும்பங்கள் தற்காலிகக் கொட்டில்களில் காத்திருந்தன. 2022இல் பொருளாதாரம் சரிந்தபோது ஒரு மூட்டை சீமெந்தின் விலை ஓராண்டுக்குள் இருமடங்கைத் தாண்டியது. சிறுகச் சிறுகச் சேர்த்தவர்களின் வீடு அடுத்த வருடத்திலிருந்து இன்னும் தூரம் போயிற்று. இது அவர்களுடைய சோம்பலாலா? இல்லையே. ஆதலால் வீடுள்ளவர்களுக்கும் இப்பாடத்தில் பங்குண்டு: வாடகையை அளவோடு கேட்பது, அயலவர் கட்டும்போது ஒரு நாள் உடலுழைப்பைக் கொடுப்பது, "இன்னும் கட்டவில்லையா?" என்று குத்திக் கேட்காதிருப்பது.

4. வருடத்தைப் பகுத்துக்கொள்வோம்

பெப்ரவரி: மாரி ஓய்ந்து வரும் காலம், லூர்து அன்னையின் திருநாள். கணவனும் மனைவியும் காணிப் பத்திரங்களை எடுத்து வைத்துப் பார்க்கட்டும். உறுதிக் காணியா, அரச அனுமதிப்பத்திரக் காணியா? 1935ஆம் ஆண்டுக் காணி அபிவிருத்திச் சட்டத்தின்கீழ் அனுமதிப்பத்திரம் பெற்ற காணியை அதிகாரிகளின் சம்மதமின்றி விற்கவோ வாங்கவோ முடியாது. சந்தேகமிருந்தால் பிரதேச செயலகத்தில் கேளுங்கள். கட்டட அனுமதியையும் முதலிலேயே பெறுங்கள்.

மார்ச்: சூசையப்பரின் மாதம், கணக்குப் பார்க்கும் மாதம். கோபுரம் கட்டுபவன் முதலில் உட்கார்ந்து செலவைக் கணக்கிட வேண்டும் என்று ஆண்டவரே சொன்னார் (லூக். 14:28). பிள்ளைகளுக்கும் கணக்கைச் சொல்லுங்கள். ஏன் இம்முறை புதுச் சட்டை இல்லை என்பதை அறிந்த பிள்ளை முணுமுணுக்காது.

மே முதல் செப்டெம்பர் வரை: கச்சான் வீசும் வறண்ட மாதங்கள் கட்டட வேலைக்கு உகந்தவை. ஆனால் கிணற்றில் நீர் குறையும். அதையும் எண்ணி வேலை தொடங்குங்கள். கல்லையும் மரத்தையும் முன்கூட்டியே வாங்கி வைக்கலாம். சீமெந்தை வாங்கி வைக்காதீர்கள், ஈரம் பட்டால் மூட்டையோடு கல்லாகும்.

ஒக்டோபர்: மழை தொடங்கும், செபமாலை மாதமும் அதுவே. கூரை ஏறாத சுவர் நனையும் காலத்தில், குடும்பம் ஒரே விளக்கைச் சுற்றி அமரட்டும். அதைத் தொடர்ந்து வரும் திருவருகைக்காலம் காத்திருப்போருக்கென்றே திருச்சபை வைத்திருக்கும் காலம்.

5. கடனைப் பற்றி ஒரு வார்த்தை

இந்திய வீடமைப்புத் திட்டத்தில் வடக்கு கிழக்கில் குடும்பமொன்றுக்கு 5,50,000 ரூபா, வேலை முன்னேற முன்னேறப் பகுதி பகுதியாக வழங்கப்பட்டது. அளவோடு கட்டியவர்கள் குடிபுகுந்தார்கள். பெரிதாகத் தொடங்கியவர்களில் பலர் கடன்பட்டார்கள். நுண்கடன் பெண்களை எவ்வளவு நெருக்கியதென்றால், 2018இல் அரசாங்கமே வறட்சியுற்ற 12 மாவட்டங்களில் ஒரு இலட்சம் ரூபாவுக்கு உட்பட்ட அத்தகைய கடன்களை நீக்க முன்வரவேண்டியிருந்தது.

எனவே முதலில் ஓர் அறையும் ஒரு குசினியும் போதும். மிச்சத்துக்கு இடம் விட்டு அத்திவாரம் போடுங்கள். மகளுக்கு வீடு கட்டிக்கொடுத்தே கலியாணம் என்ற வழக்கத்தால் தாலிக்கொடியும் அடகுக்குப் போய், அண்ணன்மாரின் வயதும் போவதை நாம் காண்கிறோம். மாப்பிள்ளை வீட்டார் இங்கே கிறிஸ்தவ மனச்சாட்சியோடு நடக்கவேண்டும். கேட்காமல் விடுவதும் ஒரு சீதனமே. அத்திவாரக் கல்லுக்கு நல்ல நேரம் பார்த்து அலைவதும் வேண்டாம். குடும்பமாகப் பாவசங்கீர்த்தனம் செய்து, நற்கருணை வாங்கிக் கல் வைக்கும் நாளே நல்ல நாள்.

குடும்பமாக அமர்ந்து சிந்திக்க:

அ. "வீடு கட்டியபின்" என்று நாம் தள்ளிவைத்த நல்ல காரியங்கள் எவை? அவற்றுள் எதை இவ்வாரமே தொடங்கலாம்?

ஆ. நமது வரவு செலவும் கடனும் கணவன் மனைவி இருவருக்கும் முழுமையாகத் தெரியுமா?

இ. நமது தெருவில் நம்மைவிட நெருக்கடியில் காத்திருக்கும் குடும்பம் எது? அவர்களுக்கு நாம் கொடுக்கக்கூடியது என்ன?

இவ்வாரம் ஒரு மாலை, முடிந்தால் உங்கள் காணிக்கே பிள்ளைகளையும் கூட்டிக்கொண்டு போய், வெறுந்தரையில் நின்று ஒரு பத்து மணி செபமாலை சொல்லுங்கள். சுவர் எழுமுன்பே செபம் அங்கே குடியேறட்டும்.