சின்னப் பெட்டிக்குள் பெரிய கணினி

கொழும்புத்துறையில் சோளகம் வீசத் தொடங்கினால் கடல்நீரேரியின் உப்பு வீட்டுக்குள்ளும் வந்துவிடும். யன்னல் கம்பியைத் துருப்பிடிக்க வைக்கும் அதே காற்றைத்தான் கணினியின் விசிறியும் உள்ளே இழுக்கிறது. கண்ணாடிப் பக்கமும் வண்ண விளக்குமாகக் குட்டிக் கணினி கட்டி விறாந்தையில் வைக்க ஆசைப்படுபவர்கள், நீரேரிப் பக்க யன்னலைத் தவிர்ப்பது நல்லது.

இத்தகைய குட்டிக் கணினிக்குரிய மினி-ஐடிஎக்ஸ் மதர்போர்ட் 17 சென்ரிமீற்றர் சதுரம்தான். 2001இல் வியா நிறுவனம் அறிமுகப்படுத்திய அளவு இது. இடம் குறைவு என்பதால் பெட்டியை முதலில் தெரிவு செய்து, கிராபிக்ஸ் கார்ட்டின் நீளம், தடிப்பு, கூலரின் உயரம் மூன்றையும் மில்லிமீற்றரில் ஒப்பிட்ட பிறகே காசைக் கொடுக்கவேண்டும். பவர் சப்ளை பெரும்பாலும் எஸ்எஃப்எக்ஸ் என்ற சிறிய அளவில் தேவைப்படும். வயர்களைக் கழற்றக்கூடிய வகை என்றால் உள்ளே நெருக்கடி குறையும்.

2020இல் வந்த கூலர் மாஸ்டர் என்ஆர்200பி பெட்டி சுமார் 18 லீற்றர் கொள்ளளவு. கண்ணாடி, துளையிட்ட தகடு என இரண்டு பக்கக் கதவும் அதோடு வரும். விருந்தினர் வரும்போது கண்ணாடி, சித்திரை வெயிலில் தகடு!

காற்றை உள்ளிழுக்கும் வழிகளுக்கெல்லாம் வலை வடிகட்டி போட்டு, வெளியேற்றுவதைவிடச் சற்றுக் கூடுதலாக உள்ளிழுக்க விட்டால், இடுக்குகள் வழியே தூசி நுழைவது குறையும்.

தூசி ஊதும்போது பிளக்கைக் கழற்றி, விசிறி இதழை விரலால் பிடித்துக்கொள்ளவும். கட்டுப்பாடின்றிச் சுழன்றால் பெயரிங் பழுதாகலாம்.