காலில் நரம்பு புடைத்தால்: செய்யக் கூடாததும் செய்ய வேண்டியதும்



இந்த மாதப் பாடம், நம்மில் பலர் யாருக்கும் காட்டாமல் மறைத்து வைத்திருக்கும் ஒரு தொந்தரவைப் பற்றியது. கெண்டைக்காலில் நரம்பு நீலமாகப் புடைத்து, மண்புழு சுருண்டு கிடப்பது போலத் தெரியும். சாயங்காலமானால் கால் கனக்கும், கணுக்கால் வீங்கும், ராத்திரியில் கெண்டை பிடித்து இழுக்கும். சேலை கணுக்கால்வரை மூடிவிடுவதால் பக்கத்தில் இருப்பவருக்குக்கூடத் தெரியாது. யாராவது கேட்டாலும், "மலை ஏறி இறங்கின காலு, அப்படித்தான் இருக்கும்" என்று சொல்லிவிடுவோம்.

முதலில் இந்தப் பேச்சை விட வேண்டும். மலை ஏறி இறங்குவதால் இது வருவதில்லை. ஒரே இடத்தில் நிற்பதுதான் இதற்கு எதிரி.

ஏன் என்று பார்ப்போம். கிணற்று மோட்டாரில் புட் வால்வு இருக்கிறதல்லவா? தண்ணீரை மேலே போக விடும், திரும்பக் கீழே இறங்க விடாது. நம் காலில் ரத்தத்தை இதயத்துக்குத் திருப்பிக் கொண்டுபோகும் குழாய்களுக்குள்ளும் அப்படிச் சின்னச் சின்ன வால்வுகள் இருக்கின்றன. மோட்டார் எது? கெண்டைக்கால் சதைதான். நாம் நடக்கும்போது அந்தச் சதை இறுகி இறுகி ரத்தத்தை மேலே தள்ளுகிறது. அசையாமல் நின்றால் மோட்டார் ஓடாது. வால்வும் பழுதாகிவிட்டால் ரத்தம் கீழேயே தேங்கும், குழாய் தளர்ந்து புடைக்கும். வெரிகோஸ் வெயின் என்று டாக்டர்கள் சொல்வது இதைத்தான்.

ஆகவே நாம் "நரம்பு சுருட்டிக்கிச்சு" என்று சொன்னாலும், இது உணர்ச்சி நரம்பு அல்ல, ரத்தக்குழாய். இதற்காக நரம்புக்கு ஊசி, நரம்புக்கு டானிக் என்று காசு செலவழித்தால் புடைப்பு குறையாது.

யாருக்கு வரும்? அம்மாவுக்கோ பாட்டிக்கோ இருந்தால் நமக்கும் வர வாய்ப்பு உண்டு. பல பிள்ளை பெற்றவர்களுக்கும், உடம்பு எடை கூடியவர்களுக்கும், நாள் முழுக்க நின்றே வேலை செய்கிறவர்களுக்கும் வருகிறது. கர்ப்ப காலத்தில் புதிதாகத் தெரியும் புடைப்பு, பிரசவமான சில மாதங்களில் பலருக்குத் தானே குறைந்துவிடும்.

கொட்டச்சேட்டில் நம் வேலைகளையே எடுத்துக்கொள்வோம். காப்பிப் பழம் பறிக்கும்போது செடிக்குச் செடி நகர்ந்துகொண்டே இருக்கிறோம், கால் கொஞ்சமாவது அசைகிறது. ஒரே இடத்தில் நின்று காப்பிக்கொட்டை தரம் பிரிப்பது, குழாயடியில் குடத்தோடு காத்திருப்பது, அடுப்படியில் மணிக்கணக்காக நிற்பது, இவைதான் கால் கனக்க வைக்கும். உட்கார்ந்தே இருப்பதிலும் இதே கதைதான். குழுக் கூட்டத்தில் சம்மணம் போட்டுக் கணக்கு நோட்டு முடியும்வரை அசையாமல் இருக்கிறோமே, அதுவும் சேர்த்திதான்!

இனி, செய்யக் கூடாதவை. குளிர் காலத்தில் கால் வலித்தால் கொதிக்கக் கொதிக்க வெந்நீர் ஊற்றுவோம், அடுப்புப் பக்கம் காலை நீட்டிக்கொள்வோம். அந்த நேரத்துக்கு இதமாக இருக்கும். ஆனால் சூட்டில் ரத்தக்குழாய் இன்னும் விரியும், ரத்தம் இன்னும் தேங்கும். வெதுவெதுப்பான நீரில் குளித்துவிட்டு, கடைசியில் முழங்காலுக்குக் கீழே பச்சைத் தண்ணீர் ஊற்றிக்கொள்வது நல்லது. புடைத்த இடத்தில் எண்ணெய் போட்டு அழுத்தி உருவிவிடச் சொல்லாதீர்கள். கெட்ட ரத்தம் வெளியேறட்டும் என்று ஊசியால் குத்துவதோ கீறுவதோ வேண்டவே வேண்டாம். மழைக் காலத்தில் அட்டைக்குப் பயந்து முழங்காலுக்குக் கீழே துணியையோ ரப்பரையோ இறுக்கிக் கட்டினால், மேலே போகிற ரத்தத்துக்கு நாமே தடை போட்டது போலாகும். அட்டை ஏறாமல் இருக்கக் கணுக்கால்வரை மூடும் செருப்பும், இறுக்காத நீளமான காலுறையும் போதும்.

வேலையை விட முடியாது, நமக்கும் தெரியும். வேலைக்கு நடுவிலேயே மோட்டாரை ஓட்டலாம். அரை மணிக்கு ஒரு தடவை குதிகாலைத் தூக்கி, நுனிக்காலில் நின்று, மெதுவாக இறக்குங்கள். இருபது தடவை போதும். அடுப்பில் உலை கொதிக்கும் நேரமே அதிகம். வீட்டுக்கு வந்ததும் கால் மணி நேரம் மல்லாந்து படுத்து, கால் நெஞ்சைவிட உயரமாக இருக்கும்படி தலையணையோ மடித்த கம்பளியோ கீழே வைத்துக்கொள்ளுங்கள். "மருமக மத்தியானமே படுத்துட்டா" என்று மாமியார் சொன்னால், இந்தப் பக்கத்தை அவரிடம் படித்துக் காட்டுங்கள். அவர் காலிலும் இருக்கலாம்.

கேழ்வரகு, கீரை, பழம், போதிய தண்ணீர் இவையும் முக்கியம். மலச்சிக்கலால் முக்கிக்கொண்டே இருந்தால் காலில் உள்ள ரத்தக்குழாய்க்கும் அழுத்தம் ஏறும்.

அழுத்தக் காலுறை என்று மருந்துக்கடையில் ஒன்று விற்கிறார்கள். அதைக் காலையில் எழுந்து நடமாடுவதற்கு முன்பே போட்டு, இரவு படுக்கும்போது கழற்ற வேண்டும். வீங்கிய பிறகு போட்டால் ஏறாது. டாக்டர் காலை அளந்து சொன்ன அளவில்தான் வாங்க வேண்டும். சர்க்கரை நோய் உள்ளவர்களும் பாதத்தில் ரத்த ஓட்டம் குறைந்தவர்களும் கேட்காமல் போடவே கூடாது. விலை கொஞ்சம் கூடுதல். குழுவில் உள்கடன் கேட்க இது நியாயமான காரணம் என்பதே நம் கருத்து.

இப்போது சொல்வதைக் கவனமாகப் படியுங்கள். புடைத்த குழாயின் மேல் தோல் மெலிந்திருக்கும். முள் கீறினாலும், அட்டை கடித்தாலும், சொறிந்தாலும் அது உடைந்து ரத்தம் பீறிடலாம். வலி பெரிதாக இருக்காது, அதனால் அலட்சியம் வரும். நின்றபடியோ உட்கார்ந்தபடியோ இருந்தால் ரத்தம் நிற்காது, உயிருக்கே ஆபத்து ஆகிவிடும். உடனே தரையில் படுக்க வைத்து, காலை நெஞ்சுக்கு மேலே தூக்கி, சுத்தமான துணியால் அந்த இடத்தை விடாமல் பத்து நிமிடமாவது அழுத்திப் பிடியுங்கள். நடுவில் எடுத்து எடுத்துப் பார்க்காதீர்கள். மேலே கயிறு கட்டாதீர்கள். காப்பித்தூள் நம் ஊரில் தாராளம், அதற்காகக் காயத்தில் அப்ப வேண்டாம். 108-க்குப் போன் செய்யுங்கள். ரத்தம் நின்றுவிட்டாலும் டாக்டரிடம் காட்டியே ஆக வேண்டும்.

உள்பக்கக் கணுக்காலுக்கு மேலே தோல் கறுத்து அரித்தால், அடுத்து வரப்போவது புண். இந்தப் புண் மஞ்சளுக்கும் களிம்புக்கும் மட்டும் ஆறாது. பாதத்திலிருந்து மேல்நோக்கிச் சுற்றும் அழுத்தக் கட்டு வேண்டும், அதை மருத்துவமனையில்தான் கற்றுத் தருவார்கள். ஒரு கால் மட்டும் திடீரென்று வீங்கி வலித்தால் உள்ளே ரத்தம் உறைந்திருக்கலாம், அன்றைக்கே போங்கள். கூடவே மூச்சுத் திணறினாலோ நெஞ்சு வலித்தாலோ ஒரு நிமிடமும் தாமதிக்காமல் 108 தான்.

நம் பெண்பிள்ளைகளில் சிலர் குப்பனூர் வழியாக இறங்கி, சேலத்தில் ஜவுளிக்கடை வேலைக்குப் போகிறார்கள். காலையிலிருந்து இரவுவரை நின்றபடியே வேலை. இருபது வயதிலேயே கால் வீக்கம் என்கிறார்கள். கேரளாவில் கடைப் பெண்கள் போராடியதால் 2018-ல் உட்காரும் உரிமை சட்டத்தில் சேர்க்கப்பட்டது. தமிழ்நாட்டிலும் 2021-ல் கடைகள் மற்றும் நிறுவனங்கள் சட்டத்தில் திருத்தம் வந்தது. வேலைக்கு நடுவே வாய்ப்புக் கிடைக்கும்போது உட்கார, எல்லா ஊழியருக்கும் இருக்கை வசதி இருக்க வேண்டும் என்கிறது அது. கடையில் ஸ்டூல் போடவில்லை என்றால் தொழிலாளர் துறையிடம் புகார் சொல்லலாம். தனியாகக் கேட்க ஒரு பெண் பயப்படுவாள், நாலு பேர் சேர்ந்து கேட்டால் பேச்சே வேறு.

மருத்துவமனைக்குப் போக நாள் பார்க்க வேண்டாம். ஏற்காடு அரசு மருத்துவமனையில் முதலில் காட்டலாம். மேல் சிகிச்சைக்குச் சேலம் அரசு மோகன் குமாரமங்கலம் மருத்துவக் கல்லூரி மருத்துவமனை இருக்கிறது. டாப்ளர் என்ற ஸ்கேனில் எந்த வால்வு பழுது என்று தெரிந்துவிடும். வலியில்லாத ஸ்கேன், ஊசிகூடக் கிடையாது. தேவைப்பட்டால் அறுவைச் சிகிச்சை செய்வார்கள், அல்லது லேசர் வைத்தோ மருந்து செலுத்தியோ பழுதான குழாயை அடைத்துவிடுவார்கள். மற்ற நல்ல குழாய்கள் வழியாக ரத்தம் போய்விடும், அதனால் பயம் வேண்டாம். போகும்போது முதலமைச்சர் காப்பீட்டுத் திட்ட அட்டையையும் ஆதாரையும் எடுத்துக்கொண்டு, உங்களுக்குச் சொன்ன சிகிச்சை அதில் வருமா என்று அங்குள்ள காப்பீட்டுப் பிரிவிலேயே கேட்டுவிடுங்கள்.

குழுக் கூட்டத்தில் பேச: நம் குழுவில் யாருக்கெல்லாம் சாயங்காலம் கால் வீங்குகிறது? புண்ணோ கறுப்போ உள்ளவர் யார், அவரோடு சேலத்துக்கு யார் துணைக்குப் போகலாம்? ரத்தம் பீறிட்டால் செய்ய வேண்டியதை, ஒருவரைப் படுக்க வைத்து எல்லோரும் ஒருமுறை செய்து பாருங்கள்.